மூடிய கதவும் ஒரு வாசகர் கடிதமும்

பகுதி 6: 1944 – 1950

ஒஹையோ மாநிலத்தின் குயஹோகா மாவட்டத்தில், தங்கள் பிள்ளைகளைப் பொதுப்பள்ளி ஏற்க மறுத்ததால் 1933-ல் ஒன்றுகூடிய ஐந்து தாய்மாரையும், 1936-ல் வாஷிங்டன் மாநிலத்தில், அரசுக் காப்பகத்தில் விடப்பட்டவர்களின் பெற்றோர் தொடங்கிய சங்கத்தையும் சென்ற இரு பகுதிகள் விவரித்தன. அவை இரண்டும் தத்தம் ஊர் எல்லையைத் தாண்டவில்லை என்பதும், தாண்ட முடியாமற்போனதற்கு வறுமையைவிட அவமானமே பெரிய காரணமாக இருந்தது என்பதும் அங்கே சுட்டப்பட்டன.

அந்த அவமானத்துக்கு ஒரு நூலின் பின்பலம் இருந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் வைன்லண்ட் பயிற்சிப் பள்ளியில் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ஹென்றி காடார்ட் 1912-ல் வெளியிட்ட ‘கல்லிகாக் குடும்பம்’, அறிவு வளர்ச்சிக் குறைவு என்பது ஒரு குடும்பத்தின் இரத்தத்தில் ஓடி, வறுமையையும் குற்றத்தையும் ஒழுக்கக்கேட்டையும் உடன் இழுத்துவரும் பரம்பரைக் கறை என்று வாதிட்டது. 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே கட்டாயக் கருத்தடைச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகு, இப்படியொரு பிள்ளை தம் வீட்டில் இருப்பதைப் பெற்றோர் அண்டை வீட்டாரிடம் சொல்வதும், தம் வமிசத்தின்மேல் தாமே குற்றப்பத்திரிகை வாசிப்பதும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

இனி வரும் பகுதிகளில் ‘சக பெற்றோர் ஆதரவு’ என்ற தொடர் அடிக்கடி பயிலும். மாற்றுத்திறனுள்ள பிள்ளையை வளர்க்கும் ஒருவர், அதே நிலையிலுள்ள இன்னொருவருக்கு, மருத்துவராகவோ ஆசிரியராகவோ அல்லாமல், அந்த வழியில் முன்னால் நடந்தவர் என்ற ஒரே தகுதியில் செவிசாய்ப்பதும் வழிசொல்வதும் அதன் பொருள். ‘பின்தங்கிய’, ‘மந்தமான’ முதலிய சொற்கள் அக்கால ஆவணங்களில் உள்ளபடியே இங்கு எடுத்தாளப்படுகின்றன. இன்று அவற்றை எவரும் விரும்பிப் பயன்படுத்துவதில்லை.

* * *

57-வது பிரிவு

இங்கிலாந்தின் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், அதை இயற்றிய அமைச்சர் ஆர்.ஏ. பட்லரின் பெயராலேயே இன்றும் நினைவுகூரப்படும் அளவுக்குப் புகழ்பெற்றது. உயர்நிலைக் கல்வியைக் கட்டணமின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக்கியதும், 1947-ல் கட்டாயப் பள்ளிவயதை 15-ஆக உயர்த்த வழிசெய்ததும் அந்தச் சட்டமே. போரின் நடுவில், குண்டுவீச்சின் கீழ், ஒரு நாடு தன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி யோசித்தது என்று வரலாற்று நூல்கள் அதைப் பாராட்டுவதில் தவறில்லை.

ஆனால் அதே சட்டத்தின் 57-வது பிரிவைப் பாராட்டுரைகள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

பள்ளியில் கல்வி பெற இயலாத அளவுக்கு மனக்குறைபாடு உள்ள பிள்ளைகள் யார் யார் என்பதைக் கண்டறிந்து, அவர்களைப் பற்றிய அறிக்கையை, 1913-ஆம் ஆண்டின் மனக்குறைபாட்டுச் சட்டத்தை நிர்வகிக்கும் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அப்பிரிவு உள்ளூர்க் கல்வி ஆணையங்களுக்குக் கடமை விதித்தது. இரண்டு வயது நிறைந்த பிள்ளையையே மருத்துவச் சோதனைக்குக் கொண்டுவருமாறு பெற்றோருக்கு உத்தரவிட முடிந்தது. அறிக்கை கைமாறிய கணத்திலிருந்து அந்தப் பிள்ளை கல்வித்துறையின் பொறுப்பு அல்ல. அதன் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து வேறொரு துறையின் கோப்புக்கு இடம் மாறியது.

இந்த இடமாற்றத்துக்கு மக்கள் வழக்கில் அமைந்த பெயர் ‘கற்பிக்கத் தகாதவர்’ என்பதாகும். பார்வையற்றோர், செவிப்புலன் குன்றியோர், வலிப்பு நோயுள்ளோர், கற்றலில் பின்தங்கியோர் என 1945-ஆம் ஆண்டின் விதிகள் பதினொரு வகையினரைப் பிரித்து, அவர்களுக்குச் சிறப்புக் கல்வி உண்டு என்றன. ‘தகாதவர்’ அந்தப் பதினொன்றிலும் இடம்பெறவில்லை. சட்டம் மறந்துபோய் விட்ட இடைவெளி என்று இதைச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் கல்வி என்று எழுதியவர்கள், அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்லின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள்.

அறிக்கை வந்த வீட்டில் எஞ்சிய வழிகள் மிகக் குறைவு. உள்ளூரில் ‘தொழில் மையம்’ என்ற பெயரில், கூடை முடைதல் போன்ற கைவேலைகளோடு பிள்ளைகளைப் பகலில் வைத்திருக்கும் இடம் இருந்தால் அங்கே அனுப்பலாம். இல்லையேல் ஊருக்கு வெளியே உயர்ந்த மதில்களுக்குள் இயங்கிய காப்பகத்தில் இடத்துக்குக் காத்திருக்கலாம். அதுவும் இல்லையேல் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு, மறந்து, இன்னொன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் கூறியது அக்காலத்தில் கொடுமையாக அன்றிக் கனிவான ஆலோசனையாகவே கருதப்பட்டது என்பதை இன்றைய வாசகர் மனத்தில் இருத்த வேண்டும்.

* * *

கடிதப் பகுதி என்னும் முற்றம்

அப்படி வீட்டுக்குள் நின்றுபோன தாய்மாரில் ஒருவர் ஜூடி ஃப்ரைட். 1909-ல் பிறந்தவர், தொழிலாளர் வகுப்பினர் உயர்கல்வி பெறுவதற்கென ஆக்ஸ்ஃபோர்டில் நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியில் பயின்றவர். பள்ளிக்கல்வி மறுக்கப்பட்ட மகளோடு அதிகார அலுவலகங்களின் படியேறிய அவர், 1946-ல் ‘நர்சரி வேர்ல்ட்’ என்ற இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்மைப் போன்ற பெற்றோர் தம்மோடு தொடர்புகொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

எழுதியவரைப் போலவே எழுதப்பட்ட இடமும் இங்கே கவனத்துக்குரியது.

‘நர்சரி வேர்ல்ட்’ அரசியல் இதழுமன்று, மருத்துவ இதழுமன்று. குழந்தை வளர்ப்பு, பால் புட்டி, பல் முளைத்தல், பின்னல் சட்டை ஆகியவற்றைப் பற்றிப் பேசிய வீட்டு இதழ் அது. ஆனால் அதன் வாசகர் கடிதப் பகுதிக்கு ஒரு முன்கதை உண்டு. 1935-ல் அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில் தனிமையில் வாடிய ஒரு தாய், புனைபெயரில், வேறு எந்தத் தாயாவது தமக்கு உதவக்கூடுமா என்று அதே பகுதியில் கேட்டிருந்தார். பதில் எழுதிய பெண்கள் ஒன்றுசேர்ந்து, கையால் எழுதிய கட்டுரைகளைத் துணியட்டையில் தைத்து, ஒரே பிரதியாகத் தபாலில் வீட்டுக்கு வீடு சுற்றவிடும் தனியிதழைத் தொடங்கினர். ‘கூட்டுறவுக் கடிதக் கழகம்’ என்ற அந்த ஏற்பாடு 1990 வரை நீடித்தது.

ஆகவே ஃப்ரைட் கடிதம் எழுதியபோது அந்தப் பக்கம் ஏற்கெனவே ஓர் ஊர்ப் பொதுமுற்றம் போல இருந்தது. முகம் காட்டாமல் துயரம் சொல்லலாம், பதிலும் கிடைக்கும் என்ற பழக்கத்தை, கல்விச் சட்டத்தோடு எந்த உறவும் இல்லாத பெண்கள் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே உண்டாக்கி வைத்திருந்தனர். பெரிய இயக்கங்களின் தோற்றத்தைத் தேடுவோர் நாடாளுமன்றக் குறிப்புகளைப் புரட்டும் அளவுக்குச் சமையலறை மேசையில் படிக்கப்பட்ட இதழ்களைப் புரட்டுவதில்லை. இந்த இயக்கத்தைப் பொறுத்தவரை அது பெரும் பிழையாகும்.

காலமும் ஒத்துவந்தது. போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. போர்க்காலத்தில்கூட விதிக்கப்படாத ரொட்டி ரேஷன் 1946 ஜூலையில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதே ஆண்டில்தான், மருத்துவத்தை எல்லாருக்கும் இலவசமாக்கும் தேசிய சுகாதாரச் சேவைச் சட்டமும் நிறைவேறியது. தட்டுப்பாட்டையும் எதிர்பார்ப்பையும் ஒருங்கே சுமந்த அந்த ஆண்டில், புதிதாகக் கட்டப்படும் நாட்டில் தம் பிள்ளைக்கும் ஓர் அறை இருக்குமா என்று கேட்பது, 1936-ல் தோன்றியிருக்கக்கூடிய அளவுக்கு விபரீதமாகத் தோன்றவில்லை.

* * *

தபால்காரர் கொண்டுவந்தவை

பதில்கள் வந்தன. துயரமும் சினமும் கலந்த கடிதங்கள் அவை. எந்த உதவியும் எந்த இடமும் இல்லை என்ற ஒரே செய்தியை வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு கையெழுத்துகளில் அவை கொண்டுவந்தன.

இந்தக் கட்டத்தைப் பெரும்பாலான விவரிப்புகள் ஆறுதலின் கதையாகச் சொல்லி முடிக்கின்றன: தனித்திருந்தவர்கள் தாம் தனியர் அல்லர் என்று அறிந்தார்கள், மனம் தேறினார்கள் என்று. அது பொய்யன்று, ஆனால் பாதி உண்மைதான். ஒரு வீட்டில் ஓர் அதிகாரி, இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் வேறெவரும் இல்லை, ஒருவருக்காக வகுப்பு நடத்த இயலாது என்று சொல்லும்போது, அதை மறுக்க அந்தத் தாயிடம் எதுவும் இல்லை. அடுத்த தெருவிலோ அடுத்த ஊரிலோ அதே பதிலைப் பெற்ற இன்னொரு தாயின் கடிதம் அவர் கையில் இருக்குமானால், அந்தக் கடிதம் ஆறுதலாக இருப்பதற்கு முன்பே சாட்சியமாகிவிடுகிறது.

அரசுக்கோப்புகளில் தனித்தனி ‘நேர்வு’களாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தவை, ஒரு பெண்ணின் வீட்டு மேசைமேல் முதன்முறையாக ஒன்றாகக் குவிந்தன. எண்ணிப் பார்க்க முடிந்தது. வட்டார வாரியாக அடுக்க முடிந்தது. எந்த ஊரில் தொழில் மையம் உண்டு, எந்த ஊரில் இல்லை என்று ஒப்பிட முடிந்தது. தம் குடும்பத்தின் விதி என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்ததில் எவ்வளவு பங்கு நிர்வாகத்தின் முடிவு என்பது அந்த ஒப்பீட்டில்தான் வெளிப்பட்டது. காடார்ட் விதைத்த பரம்பரைக் கறை என்ற எண்ணத்துக்கு எதிராக அறிவியல் வாதம் எதையும் அவர்கள் வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவையும் எழவில்லை. மருத்துவர், எழுத்தர், சுரங்கத் தொழிலாளி, ஆசிரியர் என எந்த வீட்டிலும் அத்தகைய பிள்ளை பிறக்கக்கூடும் என்பதைப் பெற்றோர் நேரில் சந்தித்துக்கொண்ட எந்தக் கூட்டமும் காட்டிவிடும்.

1946-லேயே ‘பின்தங்கிய குழந்தைகளின் பெற்றோர் தேசியச் சங்கம்’ உருவாயிற்று. 1950-லிருந்து அதன் இதழ் ‘பெற்றோர் குரல்’ என்ற பெயரில் ஃப்ரைடை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. கடிதப் பகுதியில் பிறந்த சங்கம் தனக்கென ஓர் இதழை நடத்தத் தொடங்கியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

ஒரு குறையையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். வீட்டிதழ் வாங்கவும், அதைப் படிக்க ஓய்வும், கடிதம் எழுதத் துணிவும் வாய்த்தவர்களிடமிருந்து தொடங்கிய எந்த இயக்கமும், அவை வாய்க்காதவர்களைத் தொடக்கத்தில் எட்டியிருக்க வழியில்லை. இந்தச் சாய்வு பின்னாளில் பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தோன்றும்.

* * *

அட்லாண்டிக்கின் மறுகரை

அதே 1946-ல், ஃப்ரைடின் கடிதத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், நியூ ஜெர்சியின் பெர்கன் மாவட்டத்தில் லாரா பிளாஸ்ஃபெல்ட் என்ற தாய் உள்ளூர்ச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதிப் பெற்றோரை அழைத்தார். 1948-ல் நியூயார்க்கில் ஆன் கிரீன்பெர்க் என்ற தாய் ‘நியூயார்க் போஸ்ட்’ நாளிதழில் சிறு விளம்பரம் ஒன்று கொடுத்தார். இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு பகல்நேர மழலையர் பள்ளி தொடங்கச் சேர்ந்து முயலும் தாய்மாரை அது தேடியது. மறு ஆண்டே அங்கே ஒரு சங்கம் பதிவாயிற்று. 1952-ல் டோக்கியோவில் மூன்று தாய்மாரின் முயற்சியில் ‘கைகோக்கும் பெற்றோர் சங்கம்’ தோன்றியதையும் இந்த வரிசையில் சேர்க்கலாம்.

ஒருவரையொருவர் அறியாத பெண்கள் ஒரே கருவியை, அச்சுக் காகிதத்தின் ஒரு மூலையை, கையிலெடுத்தது வியப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் எவர் வீட்டில் அத்தகைய பிள்ளை உண்டு என்ற பட்டியலை அரசும் மருத்துவமனையும் மட்டுமே வைத்திருந்து, அதை எவருக்கும் காட்டாத நிலையில், முகவரி தெரியாதவருக்குச் செய்தி அனுப்ப வேறு வழி இருக்கவில்லை.

* * *

வைன்லண்டுக்குத் திரும்புதல்

1950-ல் அவமானத்தின் மீது விழுந்த மிகப் பெரிய அடி, அந்த அவமானம் பிறந்த அதே முகவரியிலிருந்து வந்தது.

‘நல்ல நிலம்’ நாவலால் உலகப் புகழ்பெற்று, 1938-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பேர்ல் எஸ். பக்கின் மகள் 1920-ல் சீனாவில் பிறந்தவர். வளர்ச்சி தடைப்பட்டதற்குக் காரணம் தேடி மருத்துவர் பலரிடம் அலைந்த பின், 1929-ல் பக் அவரை வைன்லண்ட் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். நாவல்கள் ஈட்டிய பணத்தில் ஒரு பகுதி மகளின் பராமரிப்புக்குச் சென்றது. அந்த மகளைப் பற்றி வெளியுலகுக்கு அவர் இருபது ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. எழுத்தையே தொழிலாகக் கொண்டவருக்கே இந்த ஒன்றை எழுத அவ்வளவு காலம் தேவைப்பட்டதென்றால், மற்றவர்களின் மௌனத்தை அளந்துகொள்ளலாம்.

1950 மே மாதம், பெருந்திரளான பெண்கள் படித்த ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ இதழில் ‘வளராத குழந்தை’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் அதை எழுதினார். அதே ஆண்டில் சிறு நூலாகவும் வெளிவந்தது. கல்லிகாக் குடும்பத்தின் கதையை உலகுக்கு அனுப்பிய நிறுவனத்தில் மகளை வைத்திருந்த ஒரு தாய், உலகமே அறிந்த தம் பெயரை மறைக்காமல், இது என் பிள்ளை என்று அச்சில் சொன்னார். அவரது குடும்பத்தைச் சீரழிந்த வமிசம் என்று வகைப்படுத்த எவருக்கும் துணிவு வரவில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பக்கின் மகளுக்கு இருந்தது ஃபினைல்கீட்டோனூரியா என்ற நோய் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது. உணவிலுள்ள புரதத்தின் ஒரு கூறாகிய ஃபினைல்அலனினை உடல் சிதைக்க இயலாமல், அது இரத்தத்தில் தேங்கி மூளையைப் பாதிப்பது அந்நோயின் தன்மை. நார்வேயில் இரு பிள்ளைகளின் தாய் ஒருவர், அவர்களிடமிருந்து வீசிய விசித்திர வாடைக்குக் காரணம் கேட்டு விடாமல் மருத்துவர்களைத் துரத்தியதால்தான், 1934-ல் அஸ்பியோன் ஃபோலிங் அதைக் கண்டறிந்தார். நலமுள்ள தாயும் நலமுள்ள தந்தையும் தம்மை அறியாமலேயே கடத்தும் மரபுக்கூறால் வருவது அது. அதாவது இந்த ஒரு நேர்வில் மரபுவழி என்பது மெய்யாகவே இருந்தது. கறை என்பதுதான் பொய்.

* * *

மினியாபொலிஸ், 1950

அந்தக் கட்டுரை வெளிவந்த சில மாதங்களுக்குள், செப்டம்பர் இறுதியில், பல மாநிலங்களின் பெற்றோர் சங்கங்கள் மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகரில் கூடின. அவர்களிடையே உரையாற்றிய ஆளுநர் லூதர் யங்டால், ஓராண்டுக்கு முன், 1949 அக்டோபர் 31 அன்று, அனோகா அரசு மனநல மருத்துவமனையின் வளாகத்தில், நோயாளிகளைக் கட்டிவைக்கப் பயன்பட்ட 359 கட்டுச்சட்டைகளை மற்றத் தளைகளோடு குவித்துத் தம் கையாலேயே தீ மூட்டியவர். காப்பகங்களின் உள்ளே நடப்பது என்ன என்று கேட்கத் துணிந்த ஓர் ஆட்சியாளர் அவர்கள் மேடையில் நின்றது, அதுவரை கெஞ்சியே பழகியவர்களுக்குப் புதிய அனுபவமாக இருந்திருக்க வேண்டும்.

அங்கே பிறந்த அமைப்பு ‘மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோர் மற்றும் நண்பர்கள் தேசியச் சங்கம்’ என்று பெயர் பெற்றது. பெற்றோர் முதலில், அதிகாரிகளும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் ‘நண்பர்கள்’ என்ற இரண்டாம் இடத்தில். இருபதாண்டுகளாகத் தீர்ப்புச் சொல்பவர்களாக மட்டுமே எதிரில் அமர்ந்திருந்தவர்களுக்கு, பெற்றோர் தாமே வகுத்துக் கொடுத்த இருக்கை அது.

அந்த வரிசை நெடுநாள் நிலைக்கவில்லை. 1953-ல் அமெரிக்க அமைப்பு ‘மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான தேசியச் சங்கம்’ ஆயிற்று. 1955-ல் பிரிட்டிஷ் அமைப்பும் ‘மனக்குறைபாடுள்ள குழந்தைகளுக்கான தேசியக் கழகம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. இரு பெயர்களிலிருந்தும் ‘பெற்றோர்’ என்ற சொல் உதிர்ந்துவிட்டது.

பிள்ளையை நடுவில் வைப்பதற்காகவே அது செய்யப்பட்டது என்று கொள்ள இடமுண்டு. நன்கொடை திரட்டவும் சட்டமன்றக் கதவைத் தட்டவும் பரந்த பெயர் வேண்டும் என்பதும் நியாயமே. அந்த வழியில் வெற்றிகளும் வந்தன: 57-வது பிரிவின் கதவைத் திறந்து, எந்தப் பிள்ளையையும் கற்பிக்கத் தகாதது என்று ஒதுக்கும் அதிகாரத்தை நீக்கிய சட்டம் இங்கிலாந்தில் 1970-ல் நிறைவேறி, 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஃப்ரைடின் கடிதத்திலிருந்து அதற்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

ஆயினும், சங்கங்கள் தலைநகரங்களில் அலுவலகம் திறந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பிரசவ வார்டில் மருத்துவர் குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுச் சென்ற பிறகு, கையில் பிள்ளையோடு கட்டிலில் தனித்திருந்த தாய், 1946-க்கு முன் இருந்தவரைப் போலவே தனித்திருந்தார். அவருக்கு அந்த வாரத்தில் தேவைப்பட்டது மசோதா அல்ல. அதே கட்டிலில் முன்பு ஒருநாள் இருந்து எழுந்து நடந்த இன்னொருவர் அவர் வாசலுக்கு வர வேண்டும். ஆனால் யாரை அனுப்புவது, அவரைத் தேர்ந்தெடுப்பது யார், தம் துயரமே இன்னும் ஆறாத ஒருவரைப் பிறர் துயரத்தின் முன் நிறுத்துவது முறைதானா?

1971-ல், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில், ‘வழிகாட்டிப் பெற்றோர்’ என்ற பெயரில் சிலர் இக்கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டனர். அவர்கள் கண்ட விடை, பயிற்சி பெற்ற நிபுணர்களின் எதிர்ப்பைத் தாங்கி நின்றதா?

(அடுத்த வாரம்: ஓமஹா)